எங்கே நடப்பது?

சர்க்கரை என்று போனாலும் டாக்டர் "நடங்க" என்கிறார். ரத்த அழுத்தம், மூட்டு வலி, தூக்கமின்மை, காரணம் தெரியாத படபடப்பு என்று எதற்குப் போனாலும் அதே சொல்தான். தினம் அரை மணியோ நாற்பது நிமிடமோ, அளவையும் சொல்லிவிடுகிறார். எங்கே நடப்பது என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. மொட்டை மாடியா, டிரெட்மில்லா, ஹாலில் சோபாவைச் சுற்றியா, பூங்காவா, கடற்கரையா? காலுக்கு எல்லாம் ஒன்றுதான். மனசுக்கு ஒன்றில்லை. மனசு வழியாக உடம்புக்கும் ஒன்றில்லை. நாற்பது வருஷமாக இதை ஆராய்ந்து எழுதி வைத்திருக்கிறார்கள். என் வீட்டிலேயே இதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அந்த ஆராய்ச்சிகளைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

போன வருஷம் அம்மாவுக்கு முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. வீடு திரும்பியதும் பிசியோதெரபிஸ்ட் வந்து வாக்கர் பிடித்து நடக்கப் பழக்கினார். எங்களுடையது சின்ன ஃபிளாட். வாசல் கதவிலிருந்து சமையலறை வரை போய்த் திரும்பினால் ஒரு சுற்று. வலி இருந்தவரை அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தாள். வலி குறைந்த பிறகுதான் தகராறு ஆரம்பித்தது. "இந்தச் சுவத்தையே எத்தன தடவதான் பாக்கறது? போதும், விடு" என்று உட்கார்ந்துவிடுவாள். மதியமெல்லாம் தூக்கம், ராத்திரி முழுக்க விழிப்பு. சாப்பாட்டில் ருசி இல்லை என்றாள். ஊரிலிருந்து பெரியம்மா போன் பண்ணினால்கூட இரண்டு வார்த்தையில் பேச்சை முடித்துக்கொண்டாள்.

கைத்தடிக்கு மாறியதும் லிஃப்டில் கீழே கூட்டிப் போனோம். எங்கள் தெருவில் கேட்டை ஒட்டி ஒரு புங்கை மரம் இருக்கிறது. அதன் அடியில் இஸ்திரி வண்டி. பங்குனி மாதம் அது. மரம் பழைய இலையை எல்லாம் கொட்டிவிட்டு, எண்ணெய் தடவியது போன்ற பளபளப்போடு புதுத் தளிர் விட்டிருந்தது. கொஞ்ச நாளில் பூக்க ஆரம்பித்தது. புங்கம்பூ உதிர்ந்து கிடப்பதைப் பொரி இறைத்தது போல என்று சங்கப் புலவர்கள் சொன்னது எவ்வளவு சரி என்பது அதன் அடியில் நின்றால்தான் தெரியும். தரையெல்லாம் வெள்ளை, நடுநடுவே லேசான ஊதா. இஸ்திரிக்காரர் ஒவ்வொரு சட்டையையும் மடிக்கும் முன் அதன் மேல் விழுந்த பூவைப் புறங்கையால் தட்டிவிடுவார். அந்தக் கையசைவை அம்மா பார்த்துக்கொண்டே இருப்பாள். வாட்ச்மேன் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து போட்டார். ஒரு நாள் இறங்கவில்லை என்றால் மறுநாள் "இன்னா ஆயா, நேத்து காணோம்?" என்று வண்டிக்குப் பின்னாலிருந்து குரல் வரும்.

அப்புறம் அம்மா தன் நடையை மரங்களால் அளக்க ஆரம்பித்தாள். முதலில் புங்கை வரை. பிறகு நாலு வீடு தள்ளி இருக்கும் தூங்குமூஞ்சி வரை. கடைசியில் தெருமுனைப் பிள்ளையாருக்குக் குடை பிடித்தபடி நிற்கும் வேம்பு வரை. "இன்னிக்குப் பிள்ளையார் வேம்பு வரைக்கும் போய்ட்டு வந்துட்டேன்" என்று பெரியம்மாவிடம் போனில் சொன்னபோது அந்தக் குரலில் பழைய அம்மா இருந்தாள். ராத்திரித் தூக்கமும் மெதுவாகத் திரும்பியது.

இதற்கு மரம்தான் காரணமா? வெளிச்சம், காற்று, நாலு பேர் முகம், நாலு வார்த்தை என்று எல்லாமும் சேர்ந்ததுதானே? நியாயமான கேள்வி. தெருவில் எதையும் தனியாகப் பிரித்துப் பார்க்க முடியாது. ஆனால் தெருவில் இறங்காமல், படுத்த படுக்கையிலிருந்து மரத்தை வெறுமனே பார்த்தவர்களைப் பற்றி ஒரு ஆய்வு இருக்கிறது.

ரோஜர் உல்ரிச் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1984-ல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டது அது. பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனை. 1972 முதல் 1981 வரை அங்கே பித்தப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களின் பதிவேடுகளை அவர் எடுத்துப் பார்த்தார். ஒரே மாதிரியான அறைகள்தான். ஜன்னல் மட்டும் வேறு. சில ஜன்னல்களுக்கு வெளியே மரங்கள். சிலவற்றுக்கு வெளியே பழுப்பு நிறச் செங்கல் சுவர். வயது, எடை, புகைப் பழக்கம் போன்றவை ஒத்துப்போகிற இருவர் இருவராகச் சேர்த்து, மரம் பார்த்தவர் ஒருவர், சுவர் பார்த்தவர் ஒருவர் என்று 23 ஜோடிகளை ஒப்பிட்டார். மரத்தில் இலை இருக்கும் மாதங்களில் சிகிச்சை பெற்றவர்களை மட்டும்தான் கணக்கில் எடுத்தார், அவ்வளவு கவனம். மரம் பார்த்தவர்கள் சராசரியாக 7.96 நாளில் வீடு திரும்பினார்கள், சுவர் பார்த்தவர்கள் 8.70 நாளில். மரம் பார்த்தவர்களுக்குக் கடுமையான வலி மருந்துகளும் குறைவாகவே தேவைப்பட்டன. "அழுகிறார்", "ரொம்பத் தேற்ற வேண்டியிருக்கிறது" என்கிற மாதிரி நர்ஸுகள் எழுதிய குறிப்புகளும் அவர்களைப் பற்றிக் குறைவு.

46 பேர் என்பது சின்ன எண்ணிக்கைதான். ஆனாலும் மருத்துவமனைக் கட்டிடக் கலையையே யோசிக்க வைத்த ஆய்வு இது. முக்கால் நாள் என்றால் அற்பமாகத் தெரியலாம். வலியோடு ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தவர்களைக் கேட்டால் முக்கால் நாள் எவ்வளவு நீளம் என்று சொல்வார்கள். "இந்தச் சுவத்தையே எத்தன தடவதான் பாக்கறது" என்று அம்மா கேட்டதை நான் சோம்பல் என்றே நினைத்திருந்தால், அவள் உடம்பு சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்திருக்காது.

சரி, பார்ப்பதால் என்ன நடக்கிறது? மிச்சிகன் பல்கலைக்கழகத்து உளவியலாளர்கள் ரேச்சல் கப்லன், ஸ்டீவன் கப்லன் தம்பதி இதற்கு ஒரு விளக்கம் தந்தார்கள். எனக்கு அது மிகவும் பொருத்தமாகப் படுகிறது. நம் கவனத்தில் இரண்டு விதம். ஒன்று, நாம் வலிந்து பிடித்து நிறுத்துவது. இன்னொன்று, தானாகவே போய் ஒட்டிக்கொள்வது. முதல் வகை சீக்கிரம் களைத்துவிடும்.

திருவான்மியூர் சிக்னலில் சாலையைக் கடப்பதை நினைத்துப் பாருங்கள். பச்சை விழுந்தும் நிற்காமல் வரும் பைக், எதிர்த் திசையில் நுழையும் ஷேர் ஆட்டோ, தண்ணி லாரியின் ஹாரன், பையில் அதிரும் போன், தூக்கி நிற்கும் பாதாள சாக்கடை மூடி. இதில் எதைப் பார்க்க வேண்டும், எதை விட வேண்டும் என்று மூளை நொடிக்கு நொடி முடிவெடுத்துக்கொண்டே இருக்கிறது. வேண்டாததை எல்லாம் தள்ளித் தள்ளியே அது ஓய்ந்து போகிறது. அலுவலகத்தில் கணினித் திரைக்கு முன்னாலும் இதே கதைதான். மரத்தடியில் அப்படி இல்லை. இலை அசைகிறது, அணில் இறங்குகிறது, எங்கோ ஒரு குக்குறுவான் விடாமல் 'டுக், டுக், டுக்' என்கிறது. எல்லாமே கவனத்தை இழுக்கின்றன, எதுவும் பதில் கேட்பதில்லை. பார்க்காமல் விட்டாலும் ஒன்றும் ஆகிவிடாது. வலிந்து பிடிக்கும் கவனத்துக்கு ஓய்வு கிடைப்பது அப்போதுதான் என்பது கப்லன் தம்பதியின் வாதம்.

அதே பல்கலைக்கழகத்தில் மார்க் பெர்மனும் கூட்டாளிகளும் இதைச் சோதித்துப் பார்த்து 2008-ல் வெளியிட்டார்கள். ஆன் ஆர்பர் நகரத்தில் சிலரைச் சுமார் 50 நிமிடம் மரத் தோட்டத்தில் நடக்க விட்டார்கள். அதே ஆட்களை இன்னொரு நாள் நெரிசலான நகரத் தெருவில் நடக்க விட்டார்கள். நடைக்கு முன்னும் பின்னும் ஒரு சோதனை: எண்களை வரிசையாகச் சொல்வார்கள், அதைக் கடைசியிலிருந்து திருப்பிச் சொல்ல வேண்டும். மரங்களுக்கு நடுவே நடந்து வந்தவர்கள் நன்றாகவே தேறினார்கள். தெருவில் நடந்து வந்தபோது அந்த முன்னேற்றம் இல்லை. எனக்கு மிகவும் பிடித்தது இதில் ஒரு துணைச் செய்தி. ஜனவரிக் குளிரில் நடுங்கிக்கொண்டு நடந்தவர்களுக்கு அந்த நடை ஒன்றும் சுகமாக இல்லை. ஆனாலும் கவனம் அதே அளவு தேறியிருந்தது. அதாவது, ரசித்தால்தான் பலன் என்றில்லை. "எனக்கு இயற்கை ரசனையெல்லாம் கிடையாதுங்க" என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளும் நண்பர்களுக்கு இதைத்தான் சொல்வேன். நீங்கள் ரசிக்க வேண்டாம், போய் நடந்துவிட்டு வாருங்கள்.

எனக்கு வேண்டியிருந்தது கவனம் அல்ல, நிம்மதி. கணக்கு எழுதும் வேலை. மார்ச் மாதம் என்றாலே இரவில் படுக்கையில் எண்கள் ஓடும். யாரோ ஒருவர் மீட்டிங்கில் சொன்ன ஒரு வாக்கியம் விடிய விடியச் சுற்றிச் சுற்றி வரும். நினைத்ததையே நினைத்து மருகுகிற இந்தப் பழக்கம் மனச்சோர்வுக்கு வாசல் என்கிறார்கள் மருத்துவர்கள். ஸ்டான்ஃபோர்டில் கிரெகரி பிராட்மன் 2015-ல் வெளியிட்ட ஆய்வு இதைப் பற்றியது. 38 பேர். பாதிப் பேரை ஓக் மரங்களும் புல்லுமாக இருக்கும் இடத்தில் 90 நிமிடம் நடக்க விட்டார்கள். மீதிப் பேரைப் பாலோ ஆல்டோவின் எல் கமினோ ரியல் என்ற வாகன நெரிசல் மிகுந்த சாலையோரம் அதே நேரம் நடக்க விட்டார்கள். மரங்களிடையே நடந்தவர்களிடம் அந்த மருகல் குறைந்திருந்தது. நெற்றிக்குப் பின்னால் மூளையின் உட்புறத்தில் இந்த மருகலோடு தொடர்புள்ள ஒரு பகுதியின் செயல்பாடும் அடங்கியிருந்தது ஸ்கேனில் தெரிந்தது. சாலையோரம் நடந்தவர்களிடம் இரண்டுமே மாறவில்லை.

நான் போவது கோட்டூர்புரம் மரப்பூங்காவுக்கு. அடையாற்றங்கரையில் குப்பை கொட்டிக் கிடந்த நிலத்தை 2006 முதல் 'நிழல்' அமைப்பினரும் தன்னார்வலர்களும் நம் மண்ணின் மரங்களை நட்டுச் சிறு காடாக்கியிருக்கிறார்கள். அழகுச் செடி வரிசையோ, பீங்கான் கொக்கோ, நீரூற்றோ அங்கே கிடையாது. மண் பாதை, சருகு, கலைந்த புதர். முதலில் காலணிக்கு அடியில் சருகு நொறுங்கும் சத்தம் கேட்கும். கொஞ்ச தூரம் போனால் புதருக்குள் செம்போத்து ஒன்று கனமாக நகரும் அரவம். ஒரு இலையின் அடியில் சிவப்பு எறும்புகள் இன்னொரு இலையை இழுத்துப் பிடித்து வெள்ளை நூலால் ஒட்டிக்கொண்டிருக்கும். அதைப் பார்த்து நின்றால் நேரம் போவதே தெரியாது. படுக்கையில் என்னைத் துரத்திய வாக்கியம் அங்கேயும் வரும், வராமல் இருக்காது. ஆனால் தங்காது. கொசு உண்டு, முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்வேன்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்லிவிடுகிறேன். மனச்சோர்வு என்று மருத்துவர் கண்டு மாத்திரை கொடுத்திருந்தால் அதை நிறுத்திவிட்டு மரத்தடிக்குப் போகாதீர்கள். மாத்திரையையும் விழுங்கிவிட்டுப் போங்கள். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் அப்படித்தான். மரம் கூடவே இருக்கும் துணை, மருந்துக்கு மாற்று அல்ல.

எவ்வளவு நேரம் போதும் என்று எல்லோரும் கேட்பார்கள். இங்கிலாந்தில் ஏறக்குறைய 20,000 பேரிடம் திரட்டிய விவரங்களை வைத்து மேத்யூ வைட் குழுவினர் 2019-ல் ஒரு கணக்குச் சொன்னார்கள். வாரத்துக்கு 120 நிமிடமாவது இயற்கையில் கழித்தவர்கள், தங்கள் உடல்நலமும் மனநலமும் நன்றாக இருப்பதாகச் சொல்வது கணிசமாக அதிகம். ஒரே மூச்சில் இரண்டு மணி நேரமா, நாலைந்து தவணையா என்பதில் வித்தியாசம் இல்லை. அதே வருஷம் மிச்சிகனில் மேரிகேரல் ஹன்டர் குழுவினர் உமிழ்நீரில் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனை அளந்து பார்த்தார்கள். பச்சை உள்ள இடத்தில் சும்மா உட்கார்ந்தாலோ நடந்தாலோ 20 முதல் 30 நிமிடத்துக்குள் அது மிக வேகமாக இறங்கியது. அவர்கள் வைத்த நிபந்தனை முக்கியம்: அந்த நேரத்தில் போன் கூடாது, படிக்கக் கூடாது, அரட்டை கூடாது, ஓடவும் கூடாது. நம் பூங்காக்களில் எட்டு வடிவப் பாதையில் காதில் ஹெட்போனும் கையில் போனுமாக, மணிக்கட்டில் அடியை எண்ணிக்கொண்டு சுற்றுகிறவர்கள் இதைக் கொஞ்சம் கேட்க வேண்டும். காலுக்கு அது நல்ல பயிற்சிதான். மூளை மட்டும் இன்னும் அலுவலகத்திலேயே இருக்கிறது.

இந்தக் கணக்கில் எனக்கு முக்கியமாகப் படுவது, 120 நிமிடமும் பக்கத்திலேயே கிடைக்கக்கூடியது என்பதுதான். நம் ஆட்களுக்கு இயற்கை என்றால் மலை ஏற வேண்டும். கோடை விடுமுறை விட்டால் ஊட்டி, இல்லாவிட்டால் கொடைக்கானல். கூட்டம் தாங்காமல் உயர் நீதிமன்றம் சொல்லி 2024 மே முதல் இரண்டு ஊருக்கும் இ-பாஸ் வந்துவிட்டது. கொண்டை ஊசி வளைவில் மணிக்கணக்காக வண்டிப் புகையைச் சுவாசித்துக்கொண்டு நின்றுவிட்டு, ஏரிக்கரையில் மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு, இன்னும் களைத்துப் போய்த் திரும்புகிறோம். மலைக்குப் போக வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. வருஷத்துக்கு ஒரு தடவை போய் மொத்தமாக வாங்கி வரும் சரக்கு அல்ல இது என்கிறேன். பசிக்கிற மாதிரி இதுவும் தினம் வேண்டியிருக்கிறது.

ஜப்பான்காரர்களின் காட்டுக் குளியல் (குளிப்பதல்ல, காட்டில் சும்மா நேரம் கழிப்பது) பற்றி இந்நேரம் எல்லோரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1982-ல் அந்நாட்டு வனத்துறை ஷின்ரின்-யோகு என்ற பெயரில் அதைப் பரப்ப ஆரம்பித்தது. நிப்பான் மருத்துவக் கல்லூரியின் சிங் லீ, டோக்கியோக்காரர்களை இரண்டு இரவு காட்டில் தங்க வைத்து ரத்தத்தைச் சோதித்தார். வைரஸ் தொற்றிய செல்களையும் புற்று செல்களையும் அழிக்கும் இயல்புள்ள ஒரு வகை வெள்ளை அணுக்களின் வேகம் கூடியிருந்தது. ஊர் திரும்பி ஒரு வாரம் கழித்தும் அந்த உயர்வு தெரிந்தது. மரங்கள் தங்களைக் காத்துக்கொள்ள வெளியிடும் வாசனை எண்ணெய்களுக்கு இதில் பங்குண்டு என்பது அவர் கருத்து. சுவாரசியமான வேலைதான். ஆனால் ஒவ்வொரு சோதனையிலும் பத்துப் பன்னிரண்டு பேர்தான். இதை வைத்துக்கொண்டு வேப்பங்காற்று புற்றுநோயைத் தீர்க்கும் என்று வாட்ஸ்அப்பில் சுற்ற விடுவதை என்னால் ஏற்க முடியாது. அரச மரம் ராத்திரியிலும் ஆக்சிஜன் விடுகிறது என்பதும் அந்த ரகம்தான். வெளிச்சம் இல்லாமல் எந்த மரமும் ஆக்சிஜன் விடாது. உண்மையிலேயே தெரிந்த பலன்கள் இத்தனை இருக்கும்போது பொய்யைச் சேர்த்து அதன் மதிப்பைக் கெடுப்பானேன்?

அப்படித் தெரிந்த ஒன்றுதான் குழந்தைகளின் கண். எனக்கு மிகவும் ஆதங்கமான விஷயம். சீனாவின் குவாங்ஜோ நகரில் 12 பள்ளிகளில் ஒரு சோதனை செய்து 2015-ல் முடிவை வெளியிட்டார்கள். முதல் வகுப்புப் பிள்ளைகள். பாதிப் பள்ளிகளில் தினமும் கூடுதலாக 40 நிமிடம் வெளியே விட்டார்கள், மீதிப் பள்ளிகளில் வழக்கம் போல. மூன்று வருஷம் கழித்துப் பார்த்தால், வழக்கம் போல விட்ட பள்ளிகளில் 39.5 சதவீதப் பிள்ளைகளுக்குப் புதிதாகக் கிட்டப்பார்வை வந்திருந்தது. வெளியே விட்ட பள்ளிகளில் 30.4 சதவீதம். மருந்து இல்லை, சொட்டு இல்லை, செலவும் இல்லை. காரணம் பெரும்பாலும் வெளிச்சம். லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு; வகுப்பறைக்குள் சில நூறு லக்ஸ்தான் இருக்கும். வெயில் நாளில் மர நிழலிலேயே பல ஆயிரம் லக்ஸ் கிடைக்கும். அந்த வெளிச்சம் விழித்திரையில் டோபமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்க வைத்து, கண்விழி அளவுக்கு மீறி நீள்வதைத் தடுக்கிறது என்பது ஆய்வாளர்கள் தரும் விளக்கம். தைவான் 2010-லேயே பிள்ளைகளைத் தினம் இரண்டு மணி நேரம் வெளியே விடச் சொல்லித் திட்டம் கொண்டுவந்துவிட்டது.

நம் பள்ளிகளில்? பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் வாங்கிக்கொள்கிறார். பத்தாம் வகுப்பு வந்துவிட்டால் அந்தப் பீரியடே மறைந்துவிடுகிறது. என் அக்கா மகன் படித்த பள்ளியில் மைதானத்தில் வண்டிகளை நிறுத்துகிறார்கள், பிள்ளைகளை மதிய இடைவேளையிலும் வகுப்புக்குள்ளேயே உட்கார வைக்கிறார்கள். வெயில் என்று காரணம் சொல்கிறார்கள். வெயிலுக்குத்தான் மரம். ஒரு வரிசை புங்கையும் வேம்பும் வைத்திருந்தால் அந்த மைதானம் மதியத்திலும் பிள்ளைகளுக்கு ஆகியிருக்கும். இதைப் பெற்றோர் கூட்டத்தில் யாரும் கேட்பதில்லை. மார்க்கைப் பற்றி மட்டும்தான் கேட்கிறோம்.

மரம் இருந்தால் நல்லது என்பதற்குச் சொன்ன சான்றுகள் போதும். மரம் போனால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு பெரிய சான்று இருக்கிறது. அமெரிக்காவில் டெட்ராய்ட் அருகே 2002-ல் மரகதப் பச்சை நிறத்தில் ஒரு வண்டைக் கண்டுபிடித்தார்கள். ஆசியாவிலிருந்து போய்ச் சேர்ந்த வண்டு. அதன் புழு ஆஷ் மரங்களின் பட்டைக்கு அடியில் குடைந்து மரத்தையே சாகடித்துவிடும். தெருத்தெருவாக மரங்கள் காய்ந்து கோடிக்கணக்கில் அழிந்தன. ஜெஃப்ரி டோனோவன் என்ற வனத்துறை ஆய்வாளர், 15 மாநிலங்களில் 1990 முதல் 2007 வரையிலான இறப்புக் கணக்கை இந்த வண்டு பரவிய வரைபடத்தோடு வைத்துப் பார்த்தார். மரங்களை இழந்த மாவட்டங்களில் இதய நோயால் சுமார் 15,000 பேரும் நுரையீரல் நோயால் சுமார் 6,000 பேரும் கூடுதலாக இறந்திருந்தார்கள். வருமானம், படிப்பு போன்ற வேறுபாடுகளைக் கழித்த பிறகும் அந்தத் தொடர்பு நின்றது. இது நேரடி நிரூபணம் ஆகாது, தொடர்புதான். ஆனாலும் அலட்சியப்படுத்த முடியாத தொடர்பு.

இதைப் படித்தபோது எனக்கு வர்தா புயல் ஞாபகம்தான் வந்தது. 2016 டிசம்பர் 12. ஒரே மதியத்தில் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. குல்மோகரும் பெருங்கொன்றையும் தூங்குமூஞ்சியும் சாலைக்குக் குறுக்கே விழுந்து கிடந்தன. மின்சாரம் இல்லாத அந்த நாட்களைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். அடுத்து வந்த கோடையைப் பற்றி யாரும் அவ்வளவாகப் பேசவில்லை. எங்கள் தெருவில் நிழல் பாதியாகிவிட்டது. காலையில் எட்டு மணிக்கே நடக்க முடியாத வெக்கை. வழக்கமாக நடக்க வருகிற வயசானவர்கள் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். நின்றுபோன அந்த நடையெல்லாம் எந்தக் கணக்கிலும் வராது.

இன்னொன்றும் உண்டு. மரத்தின் பலன் எல்லோருக்கும் ஒரே அளவு அல்ல, இல்லாதவர்களுக்குத்தான் அதிகம். ரிச்சர்ட் மிட்செல், ஃபிராங்க் பாப்பம் இருவரும் 2008-ல் 'லான்செட்' இதழில் எழுதிய ஆய்வு இங்கிலாந்தில் ஏறக்குறைய 4 கோடிப் பேரைப் பற்றியது. ஏழைகள் பணக்காரர்களைவிடச் சீக்கிரம் இறப்பது எங்கும் உள்ள கொடுமை. பசுமை அதிகம் உள்ள பகுதிகளில் அந்த இடைவெளி குறைவாக இருந்தது. காரில் போய்க் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ரிசார்ட் எடுக்க முடிந்தவருக்குத் தெரு மரம் ஒரு அலங்காரம். எங்கள் இஸ்திரிக்காரருக்கு அதுதான் கூரை. கரி கனல்கிற பெட்டியை ஏந்திக்கொண்டு சித்திரை வெயிலில் பத்து மணி நேரம் நிற்கிற உடம்புக்கு அந்தப் புங்கை நிழல் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். டெலிவரி வண்டிப் பையன்கள் மதியம் ஆர்டர் இல்லாத நேரத்தில் சாய்வதும் அதன் அடியில்தான். நான் பார்த்த பல பூங்காக்கள் அந்த நேரத்தில் பூட்டிக் கிடக்கின்றன. பூங்காவைப் பகலில் திறந்து வைப்பது, குடிக்கத் தண்ணீர், பெண்கள் பயமில்லாமல் போகக்கூடிய கழிப்பறை, சாயங்காலம் நல்ல விளக்கு. சுகாதாரச் செலவு என்ற தலைப்பில் இதையெல்லாம் சேர்க்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

புதிதாக நடுவது இருக்கட்டும், இருக்கிற மரத்துக்கு மூச்சு விட இடம் கொடுக்க வேண்டும். நடைபாதை போடுகிறவர்கள் டைல்ஸ் கல்லை மரத்தின் அடி வரை நெருக்கிப் பதித்துவிட்டுப் போகிறார்கள். மழைத் தண்ணீர் உள்ளே இறங்குவதில்லை. வேருக்குக் காற்று கிடைப்பதில்லை. வேர் பரவ வழி இல்லாத மரம்தான் அடுத்த புயலில் முதலில் சாய்கிறது. டெல்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டர் வரை உள்ள சிமெண்டை அகற்ற வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-லேயே உத்தரவிட்டது. எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் இதைக் காட்டித்தான் பேசினோம். புங்கையைச் சுற்றிக் கல்லை எடுத்து, வட்டமாக மண் விட்டு, ஓரத்தில் சருகைப் போட்டிருக்கிறோம். முதல் மழைக்கே தண்ணீர் தேங்காமல் உள்ளே இறங்கியது. பக்கத்துத் தெருவில் இரண்டு பூவரசு இருக்கின்றன. அவற்றுக்கும் கழுத்து வரை கல் பதித்திருக்கிறார்கள். அந்தக் கல்லை எடுக்கக் கேட்கும் மனுவை என்னை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். மரங்களின் படம், சுற்றளவு, தெருப் பெயர் எல்லாம் சேர்த்தாகிவிட்டது. அந்தத் தெருக்காரர்களின் கையெழுத்து வாங்குவதுதான் பாக்கி.